முன்னுக்கு வராத சீட்டு

குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் பேட்டரியில் தொட்டாள். செத்துவிட்டதென்று நேற்று அவளே கழற்றிப் போட்ட மோட்டார் அது. உர்ரென்று சுற்றியது. ஒயர்களை மாற்றித் தொட்டாள். எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் சுற்றியது. தொட்டியின் அடியில் கிரீஸ் அப்பிக் கிடந்த ஒன்றைத் துடைத்து வைத்துப் பார்த்தாள். அதுவும்.

"செத்ததெல்லாம் எந்திரிச்சு ஆடுதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது கார்களுக்கு இருக்கை செய்யும் தொழிற்சாலை. லைனில் ஒரு முனையில் வெறும் இரும்புச் சட்டமாக நுழைவது மறுமுனையில் தோலுறை போட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சீட்டாக வெளியே வரும். டிரைவர் சீட்டுக்குள் மூன்று மோட்டார்கள் இருந்தன. ஒன்று முன்னும் பின்னும் நகர்த்த, ஒன்று உயர்த்த, ஒன்று சாய்க்க. கார் கம்பெனியிலிருந்து குறை என்று திரும்பி வரும் சீட்டுகளைச் சரிசெய்யும் ரிப்பேர் மேசை லைனுக்கு அப்பால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே அவள் ஒருத்திதான். வீட்டில் சின்ன வயதில் கடிகாரம், டார்ச் லைட், அடுத்த வீட்டு ரேடியோ என்று எதையும் விட்டுவைக்காததால் அவளுக்கு நோண்டி என்று பெயர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்ட அண்ணி, லைனில் வேலை பார்ப்பவள், முதல் நாளே சூப்பர்வைசரிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். பிறகு இங்கும் அதுவே நிலைத்துவிட்டது.

கொஞ்ச நாளாகத் திரும்பி வருகிற சீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. மேலே ஏறும், இறங்கும், சாயும். முன்னால் மட்டும் நகராது. மோட்டார் போய்விட்டது, மாற்று என்று உத்தரவு. மாற்றினால் ஓடியது. ஓடிய சீட்டு மறுபடி லாரியில் ஏறியது. அதற்கு மேல் யாருக்கும் நேரமில்லை. ஆனால் கழற்றிப் போட்ட மோட்டார்கள் எல்லாம் நன்றாகவே இருந்தால், புது மோட்டார் எதைச் சரிசெய்தது?

அன்று காலை வந்த சீட்டை அவள் உடனே கவிழ்க்கவில்லை. மேசைமேல் நிமிர்த்தி வைத்து, பேட்டரி கொடுத்து, பக்கவாட்டுச் சுவிட்சை அழுத்தினாள். சீட்டு தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பின்னால் அழுத்தினாள். போயிற்று. மறுபடி முன்னால். வந்தது. திருப்பியனுப்ப ஒரு காரணமும் இல்லாத, சமர்த்தான சீட்டு.

சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் தடுப்புக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார். அதனாலேயே எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன தங்கச்சி, சீட்ட வச்சு விளையாடுற?"

"ஓடுது குட்டியண்ணே. ஓடுற சீட்ட எதுக்குத் திருப்பி அனுப்புறாங்க?"

"அங்க ஓடலையாம். ஏத்துற லாரிக்காரன் சொன்னான். காரை எடுக்க டிரைவர் ஏறி உக்காருவாராம், சீட்ட முன்னுக்குக் கொண்டுவரப் பாப்பாராம், அது அசையாதாம். நம்மள மாதிரிதான். எவ்வளவு அழுத்தினாலும் முன்னுக்கு வராது."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏறி உக்காந்தா?"

"ஆமா. நின்னுக்கிட்டா ஓட்டுவாங்க?"

இங்கே லைன் கடைசியில் சோதிப்பது காலி சீட்டை. அவள் மேசையில் சோதிப்பதும் காலி சீட்டை. அவள் குட்டியை மேலும் கீழும் பார்த்தாள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"என்ன பார்வை இது?"

"கொஞ்சம் உக்காருங்கண்ணே."

அவர் மேசை விளிம்பைப் பிடித்து ஏறி, சீட்டில் அரியணையில் அமர்கிறவர்போல் அமர்ந்தார். அவள் சுவிட்சை அழுத்தினாள். சீட்டு அசையவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் டிக் என்று சன்னமான சத்தம் மட்டும் கேட்டது.

"எந்திரிங்க."

எழுந்தார். அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"உக்காருங்க."

அசையவில்லை.

"சீட்டுக்கு என்னைப் புடிக்கல," என்றார் குட்டி. முகம் வாடிப்போயிருந்தது.

"உங்க எடையா இருக்காது. மோட்டாருக்குப் பலம் பத்தலைன்னா முக்கும், முனகும். இது சத்தமே போடல. கரண்டே போய்ச் சேரல."

மீட்டரை எடுத்து, பெட்டியிலிருந்து புறப்படும் ஒயரில் ஊசியை நுழைத்துப் பார்த்தாள். குட்டி உட்கார்ந்திருந்தபோதும் பன்னிரண்டு வோல்ட். வீட்டிலிருந்து சரியாகக் கிளம்பியவன் வேலைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் எங்கோ காணாமல் போகிறான். நடுவழி முழுவதும் சீட்டின் வயிற்றுக்குள் இருந்தது.

அங்கேதான் இத்தனை நாளும் சிக்கல். வயிற்றைப் பார்க்க வேண்டுமானால் சீட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த சீட்டில் யாரும் உட்கார முடியாது. அவள் இரண்டு மேசைகளை ஒரு முழம் இடைவெளி விட்டு நகர்த்தி, இடைவெளிக்கு மேல் சீட்டை வைத்து, தண்டவாளங்களை இரு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். தரையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, டார்ச்சும் மீட்டருமாக மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"இப்ப ஏறுங்கண்ணே. மெதுவா."

"ஏய், விழுந்தா நீ அப்பளம் ஆயிருவ."

"கிளாம்ப் போட்டிருக்கேன். ஏறுங்க."

தலைக்கு மேல், மெத்தையைத் தாங்கும் கம்பி வலை கீழ்நோக்கித் தொய்ந்தது. வலையோடு ஒட்டிப் போயிருந்த ஒயர்க் கட்டும் இறங்கியது. கட்டிலிருந்து பிரிந்து, சட்டத்தின் குறுக்குப் பட்டைக்குப் பின்னால் நுழைகிற ஒற்றை ஒயர் ஜோடி விறைத்துக்கொண்டது. அது முன்-பின் மோட்டாருக்குப் போவது. பட்டைக்கும் மோட்டாருக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிற சந்து. அந்தச் சந்துக்குள் டார்ச்சைத் திருப்பினாள். வெள்ளைக் கனெக்டர் தெரிந்தது. அதன் தலையில் மஞ்சள் மார்க்கரால் வைத்த புள்ளி. செருகி, பூட்டிவிட்டது என்று உறுதிசெய்தபின் வைக்கிற புள்ளி. ஆனால் பூட்டு நாக்கு பள்ளத்தில் விழாமல், விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு நெல்மணி தடிமன் அளவுக்கு இடைவெளி. வலை தொய்ந்து ஒயரை இழுத்ததும், அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது.

"எந்திரிங்கண்ணே… உக்காருங்க… எந்திரிங்க…"

வாய் மூடியது, திறந்தது, மூடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை மோட்டார் மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இந்தக் கனெக்டரைப் பிடுங்கியது அவள் கை. அது எப்போதும் சுலபமாக வந்துவிடும். கை பழகிவிட்டது என்றே நினைத்திருந்தாள். பிடுங்கும்போதே குறையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது மோட்டாரைப் பூட்டிச் செருகியிருக்கிறாள்.

பெருவிரலைச் சந்துக்குள் விட்டு, பக்கவாட்டில் மடக்கி அழுத்தினாள். டக். சத்தத்தைவிட விரலில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு சின்னத் துள்ளல்.

"இப்ப உக்காந்து அழுத்துங்க."

சீட்டு குட்டியைச் சுமந்துகொண்டு அலுங்காமல் முன்னே போயிற்று. அவர் கையைத் தட்டினார். "முன்னுக்கு வந்துட்டேன்! தங்கச்சி, முன்னுக்கு வந்துட்டேன்!"

அட்டையிலிருந்து எழுந்தபோது முதுகெல்லாம் தூசி. சந்தோஷத்தில் அதைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. ஆனால் கை கழுவுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. லைனில் எல்லாச் சீட்டுகளின் கனெக்டர்களும் ஒரே இடத்தில், ஒரே ஆளால் செருகப்படுகின்றன. சிலது மட்டும் ஏன் பூட்டாமல் போகிறது? பூட்டாததற்கு மேல் புள்ளி எப்படி வந்தது?

மஞ்சள் மார்க்கர் அண்ணியுடையது.

ஒயர் கட்டும் பட்டி வாங்கப் போகிற சாக்கில் லைனுக்குள் நுழைந்து, ஒரு தூணை ஒட்டி நின்றாள். திருகு முடுக்கும் காற்றுத் துப்பாக்கிகள் விடாமல் கீச்சிட்டன. ரோலர்கள் கடகடத்தன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அண்ணியின் முன்னால் சட்டம் வந்து நின்றது. அண்ணி வலது கையைச் சந்துக்குள் விட்டாள். அழுத்தினாள். கையை எடுக்காமல் ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றாள், உள்ளே யாரோ பேசுவதைக் கேட்க முயல்வதுபோல. நேரம் முடிகிறது என்று பச்சை விளக்கு மினுமினுக்கத் தொடங்கியது. அவள் அவசரமாக மஞ்சள் புள்ளியை வைத்தாள். சட்டம் நகர்ந்துவிட்டது. அடுத்தது வருவதற்குள் வலது கையைத் தொடையில் இரண்டு மூன்று முறை தேய்த்தாள். மார்க்கரைப் பெருவிரலால் பிடிக்கவில்லை. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி வைத்திருந்தாள்.

நோண்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இந்தச் சத்தத்தில் 'டக்' யார் காதிலும் விழாது. விரல்தான் அதைக் கேட்க வேண்டும்.

வீட்டில் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அண்ணன் மகளுக்கு அண்ணி தலை பின்னிவிடுவதை நிறுத்தியிருந்தாள். "பெரியவளாயிட்டா, தானே பின்னிக்கட்டும்," என்றிருந்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லிக் குழந்தையை நோண்டியிடம் அனுப்பினாள். போன வாரம் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி விழுந்தபோது, "எண்ணெய்க் கை," என்றாள்.

இடைவேளையில் கழிவறைத் தொட்டியருகே அண்ணி வெந்நீர்க் குழாய்க்கு அடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேறு யாரும் இல்லை.

"அண்ணி, கட்டைவிரல் மரத்துப் போச்சா?"

அண்ணி குழாயை மூடவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சீட்டு சொல்லிச்சு."

"நோண்டாம இருக்க மாட்டியே நீ." குரலில் கோபமில்லை. "என்னோட விரல் மாதிரியே இல்லடி. யாரோ பக்கத்துல நிக்கிறவ விரல் மாதிரி இருக்கு. அழுத்துறேன். விழுந்துச்சா இல்லையான்னு தெரியல. காத்திருந்து பாக்கலாம்னா சீட்டு நகந்துருது. விழுந்திருக்கும்னு நெனச்சுப் புள்ளி வச்சிர்றேன். காலையில பரவால்ல. மத்தியானத்துக்கு மேல சுத்தமாப் போயிருது."

"எப்பருந்து?"

"லைன வேகமாக்குனாங்கள்ல, அதுக்கப்புறம். முன்னாடி ஒரு பாட்ட முணுமுணுத்து முடிக்கறதுக்குள்ள ஒரு சீட்டு. இப்ப பல்லவி முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. நான் பாடுறதையே விட்டுட்டேன்."

"சூப்பர்வைசர் சார்கிட்டச் சொல்லியிருக்கலாமே? நல்ல மனுஷன்தானே."

"நல்ல மனுஷன்தான். தையல் பக்கம் தோள்பட்டை வலின்னு ஒருத்தி சொன்னாளே, அவகிட்டயும் நல்லாத்தான் பேசினாரு. ஓய்வெடுங்க, கூப்பிடுறோம்னாரு. அவள மறுபடி எங்கயாவது பாத்தியா?" அண்ணி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "நீ கண்டுபுடிச்சத யார்கிட்டச் சொன்ன?"

"நான் சொல்லல. ஆனா குட்டியண்ணனுக்குத் தெரியும்."

"அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் அண்ணி.

உண்மைதான். அவள் மேசைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் அங்கே அட்டைமேல் குந்தி, சீட்டின் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபுடிச்சிட்டியாமே! குட்டி டான்ஸ் ஆடாத குறை. வா, எனக்கும் காட்டு."

அவள் பூட்டை மறுபடி தளர்த்திவிட்டுக் காட்டினாள். வலை தொய்வது, ஒயர் இழுபடுவது, நாக்கு விளிம்பில் நிற்பது. அவருக்கும் முகம் மலர்ந்தது. "ச்சே, எத்தன மோட்டார மாத்தினோம்!" என்றார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த எடத்துல உங்க அண்ணிதானே நிக்கிறாங்க?"

"யார் நின்னாலும் இப்படித்தான் சார் ஆகும். சந்துல கை போகாது. நீங்களே போட்டுப் பாருங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றி, செருகிப் பார்த்தார். விரல் முட்டியைப் பட்டையில் சிராய்த்துக்கொண்டார். பூட்டவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாம் முறைதான் விழுந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பியபடி சிரித்தார். "இத எப்படிம்மா நாள் பூராச் செய்றாங்க?"

"விரல் வேணாம் சார். அதுக்கு ஒரு கம்பி செஞ்சு தர்றேன்."

தலைச்சாய்ப்புக்குப் போடுகிற வளைந்த எஃகுக் கம்பிகள் கழிவுப் பெட்டியில் கிடந்தன. ஒன்றை அறுத்து, சந்தின் வளைவுக்கு ஏற்ப வளைத்தாள். முனையில் கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கனெக்டரின் தலை உட்காரும்படி குடைந்து பொருத்தினாள். மறுமுனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குமிழ். விரலால் பிடிக்கவே வேண்டாம். ஒரு பட்டியால் கையோடு கட்டிக்கொண்டு, தோளிலிருந்து தள்ளினால் போதும். பூட்டு விழுகிற துள்ளல் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு முறை வளைவைத் திருத்தினாள். மூன்றாவதை அண்ணியின் கையில் கட்டிவிட்டாள்.

அண்ணி முதல் சட்டத்தில் வைத்துத் தள்ளினாள். திரும்பிப் பார்த்து, இரைச்சலுக்கு மேல் கத்தினாள்: "தெரியுதுடி! விழறது தெரியுது!"

அதன்பிறகு முன்னுக்கு வராத சீட்டு ஒன்றுகூடத் திரும்பவில்லை. அண்ணியின் விரலில் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்ப ஆரம்பித்தது. அந்த வலியை அவள் வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். ஓர் இரவு சமையலறையில் ஏதோ பாட்டின் நடுப்பகுதியை முணுமுணுத்தாள். குட்டி காலி மேசையைப் பார்த்து, "உன் சோத்துல நீயே மண்ணப் போட்டுக்கிட்டியே தங்கச்சி," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

உற்பத்தி அதிகாரி ஒரு நாள் லைனுக்கு வந்தார். அண்ணியின் பின்னால் நின்று, போனில் நேரம் ஓடவிட்டு, சட்டங்கள் போவதைப் பார்த்தார். கம்பியை வாங்கித் திருப்பிப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். நோண்டியைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "பிரமாதம். கனெக்டர் செருகுற இந்த மேசையிலதான் எப்பவும் நேரம் இழுக்கும். இப்ப அங்க நேரம் மிச்சமாகுது," என்றார். அவளுக்குக் காது வரை சூடேறியது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கைகுலுக்கலை அண்ணியிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் ரோலர்களின் கடகடப்பு மாறியிருந்தது. முதலில் அது யாருக்கும் புரியவில்லை. டீ நேரம் வருவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மிச்சமான நேரத்தைப் பிடுங்கி, லைன் முழுவதையும் இன்னும் வேகமாக ஓடவிட்டிருந்தார்கள்.

கம்பி இருந்தது. ஆனால் கம்பியைத் தள்ளுவதற்குத் தோள் வேண்டும், மணிக்கட்டு வேண்டும். முதலில் மணிக்கட்டு வீங்கியது. பிறகு முழங்கை. அண்ணி பூட்டாத எதற்கும் புள்ளி வைக்கவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால், விழவில்லை என்றால் மறுபடி தள்ளினாள். மறுபடி தள்ளுகிற நேரத்துக்குள் பச்சை விளக்கு சிவப்பாகி, லைன் அவள் இடத்தில் நின்றது. ஒரு நாளில் பலமுறை நின்றது. நிற்கும்போதெல்லாம் லைன் நெடுக நின்றிருந்தவர்கள் கழுத்தை நீட்டி அவள் பக்கம் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் அவளை ஓரமாக அழைத்துப் பேசினார். நோண்டி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். வார்த்தை கேட்கவில்லை. அவர் அண்ணியின் வீங்கிய மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னார். தலையை வருத்தத்தோடு ஆட்டினார். அண்ணி தன் கையைத் தூக்கித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பட்டியை அவிழ்த்து, கம்பியில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்து, அவரிடம் கொடுத்தாள்.

இரவு அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "கூப்பிடுறோம்னு சொன்னாங்கல்ல?" என்று மனைவியிடம் கேட்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பினான். "ஒன்ன யாரு நோண்டச் சொன்னா? மோட்டார மாத்தச் சொன்னா மாத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"அவள எதுக்கு வையுறீங்க?" என்றாள் அண்ணி. "அவ நோண்டலைன்னா, எவனாவது ஒருத்தன் ஓடுற கார்ல சீட்டு நகராம முட்டியிருப்பான். அப்ப என்னைத் திருடி மாதிரி வெளிய தள்ளியிருப்பாங்க. இப்ப மரியாதையா அனுப்பியிருக்காங்க." சொல்லிவிட்டு, தட்டை இடது கையால் அவன் பக்கம் நகர்த்தினாள். நோண்டி எழுந்து வெளியே போய், வாசல் விளக்கின் சுவிட்சைக் காரணமில்லாமல் போட்டு அணைத்துக்கொண்டு நின்றாள்.

காலையில் ரிப்பேர் மேசையில் சீட்டு எதுவும் இல்லை. மேசையே இல்லை. இரண்டு மேசைகளையும் தடுப்போரம் தள்ளி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தார்கள். சூப்பர்வைசர் கையில் கம்பியோடு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கம்பியின் முனையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இங்க வேலை இல்லையேம்மா. அங்க ஆள் வேணும். நீ இளசு, வேகமா வரும். கம்பியும் நீ செஞ்சது, உனக்குக் கத்துக்கொடுக்க வேண்டியதில்ல."

"எங்க அண்ணி வந்ததும்?"

"வரட்டும். பாக்கலாம்."

அவர் கம்பியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கனெக்டர் மேசைக்கு முன்னால் தரையில் ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு கிடந்தது. அதன் நடுவில் இரண்டு இடங்கள் தேய்ந்து, பாதங்களின் வடிவில் உள்வாங்கியிருந்தன. குதிகால் பக்கம் ஆழமாக, வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி. அவளுடைய பாதங்களைவிட அவை சின்னவை. அவள் முதலில் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அங்கிருந்து சந்துக்குக் கை எட்டவில்லை. ரோலர்கள் கடகடத்தன. அவள் கால்விரல்களை உள்ளே மடக்கி, பாதங்களை அந்தக் குழிகளுக்குள் ஒடுக்கி வைத்தாள். முதல் சட்டம் வந்து நின்றது. அதன் பின்னால் அடுத்தது ஏற்கெனவே வந்து முட்டிக்கொண்டிருந்தது.